குங்குமம் கரைந்த குளம்

அக்கா,

இன்று காலை எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் முதலில் எழுந்தது வாடைதான். ஊறிய மண்ணும் தண்டு அழுகிய கீரையும் சேர்ந்தது போன்ற வாடை. கடல் மீன் ஒருபோதும் அப்படி மணக்காது. பனிக்கட்டிக்கு மேலே கெண்டை மீன்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் செதில் உதிர்ந்து, சதை தெரிய, வட்டமாகப் புண். பக்கத்தில் ஒரு போத்தலில் குளத்துத் தண்ணீர். அது இளஞ்சிவப்பாக இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "யாராவது சாயம் கொட்டிவிட்டார்களோ?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

இந்தக் கேள்வி உங்கள் காதில் விழாமல் போனதே என்று ஒரு நிம்மதி. இன்னமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்களே என்று ஒரு வெட்கம். இரண்டும் ஒன்றாக வந்தன. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களை நினைத்தால் எனக்கு முதலில் உங்கள் தமிழ்தான் காதில் விழுகிறது. மொரிசியஸில் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் கோயில் பாட்டிலும் படித்த தமிழ். பலேர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோவில் எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடிக்குக் குடிவந்த அன்று மேலே ஏறி வந்து கதவைத் தட்டினீர்கள்.

"வணக்கம். நான் கீழே வசிக்கின்றேன். உங்களிடம் சிறிது உப்பு இருக்கின்றதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இருக்கு அக்கா, உள்ளுக்கு வாங்கோ. ஆனா இஞ்சை ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை."

"மன்னிக்கவும். எனக்கு வேறு தமிழ் தெரியாது," என்றீர்கள், உண்மையாகவே வருந்தி.

களைத்துப்போனால் இத்தாலியனிலும் சந்தோஷமாக இருந்தால் தமிழிலும் கதைத்துக்கொண்டோம். நீங்கள் பொலித்தேயாமா நாடக அரங்குப் பக்கம், சிஞோரா என்று நீங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனீர்கள். நான் மீன்களுக்கு வரும் நோயைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் உதவியாளர். நீங்கள் முருகனைக் கும்பிடுகிறவர், நான் இலங்கையின் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் புனித ரொசாலியாவின் மலைக்கு இருவரும் சேர்ந்துதான் ஏறினோம். குகைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் நீங்கள் ஒருவர்தான். ஒருநாள் அங்கே சிலைக்குப் பக்கத்தில் நின்ற காவலாளியிடம், "இந்த அம்மாவுக்கு நானே மாலை போடலாமா?" என்று கேட்டீர்கள். அவர் திகைத்துப்போய், மேலே ஏற வேண்டாம் சிஞோரா, காலடியில் வையுங்கள் என்றார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

தைப்பூசத்துக்குக் காவடியும் பால்குடமும் ஓர் ஆற்றங்கரையிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பது உங்கள் ஊர் வழக்கம். பலேர்மோவில் இருக்கும் உங்கள் ஆட்கள் ஒரு வாடகை மண்டபத்துக் குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. நகரத்துக்கு வெளியே மலைகளுக்கு நடுவில், வயல்களுக்குப் பாய்ச்சுவதற்காக அணை கட்டித் தேக்கிய ஒரு பெரிய குளம் இருப்பதைக் கண்டுபிடித்தது நீங்கள். அங்குள்ள மலையூரின் நகரசபைக்கு நடந்து நடந்து அனுமதி வாங்கியதும் நீங்கள்.

நான் விருந்தாளியாக வந்தேன். உங்கள் செருப்பையும் கம்பளிச் சால்வையையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். மாசி பிறப்பதற்கு முந்திய குளிர். பெண்கள் மஞ்சள் சேலையோடு முழங்கால் தண்ணீரில் நடுங்கினார்கள். எதிர்க்கரையில் ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டு, மண்ணிற நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார். நீங்கள் அவருக்குக் கையசைத்தீர்கள். அவரும் தொப்பியைத் தூக்கினார். பூசை முடிந்ததும் மிஞ்சிய குங்குமத்தை, காலில் மிதிபடக் கூடாது என்று, ஒரு சின்னப் பையிலிருந்து தண்ணீரில் கரைத்தீர்கள். எங்கும் செய்வதுதான். உங்கள் விரல்களைச் சுற்றி ஒரு சிவப்புத் திட்டு விரிந்து, கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது.

ஒரு கிழமை, ஏழெட்டு நாள், போயிருக்கும். அந்தக் குளத்தின் கரையோரம் முழுக்கச் சிவந்துவிட்டது.

அந்தக் கிழவர் எடுத்த வீடியோ எல்லாருடைய கைபேசிக்கும் வந்தது. கரை ஓரத்தில் சாயத்துணி அலசிய தண்ணீர் போலச் சிவப்பு நுரை. அதில் வயிறு மேலே தெரிய மிதக்கும் மீன்கள். ஒன்றை அவர் பூட்ஸ் காலால் புரட்ட, அதன் விலாவில் புண். பிறகு புல்லில் விறைத்துக் கிடக்கும் மண்ணிற நாய். அது அந்தத் தண்ணீரைக் குடித்ததாம். பின்னால் அவருடைய குரல்: "இந்தியர்கள் வந்தார்கள், சிவப்புத் தூள் கொட்டினார்கள். இப்போது பாருங்கள்." அவருக்கு நாங்கள் எல்லாரும் இந்தியர்கள்தான். யாரோ அதோடு எங்கள் பூசைப் படம் ஒன்றையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதில் குனிந்து கையை நீரில் விட்டிருப்பது நீங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த நாள் மாடிப்படியில் உங்களைக் கண்டபோது உங்கள் முகத்தில் ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. நெற்றியில் பொட்டு இல்லை. அது வழக்கமாக இருக்கும் இடத்தில் தோல் மட்டும் கொஞ்சம் வெளிறி வட்டமாகத் தெரிந்தது. நீங்கள் தலையைக் குனிந்தபடி, "பேருந்துக்கு நேரமாகின்றது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

அந்த ஞாயிறு எங்கள் பங்குக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். இத்தாலியர்கள் சிலர் என் கணவரைச் சுற்றி நின்று அந்த வீடியோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "அது நாங்கள் இல்லை. அவர்கள் மொரிசியஸ்காரர். நாங்கள் கத்தோலிக்கர், அப்படியெல்லாம் செய்வதில்லை," என்று இத்தாலியனில் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் வாசற்படியில் நீங்கள் நின்றீர்கள். எங்கள் மகளின் பிறந்தநாளுக்கென்று செய்த பால் இனிப்பைத் தட்டில் வைத்து, மேலே துணி மூடி எடுத்து வந்திருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அவரைப் பார்க்கவில்லை. தட்டை அந்தப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவரோடு சண்டை போட்டேன். "அவ எங்கட பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா இரவிரவா முழிச்சிருந்தவ. அவவை இவையள் எண்டும் அவையள் எண்டும் பிரிச்சுச் சொல்ல உங்களுக்கு எப்பிடி வாய் வந்தது?"

"நான் என்ன பொய்யே சொன்னனான்? நாளைக்கு எனக்கும் வேலை போனா ஆர் பாக்கிறது?" என்றார். பிறகு அவராகவே அடங்கிப்போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். படியிலிருந்து நான் எடுத்து வந்த அந்த இனிப்பை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. தொடும் தகுதி இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

சாயந்தரம் நீங்களே மேலே வந்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையால் தடுத்தீர்கள். குசினியில் உட்கார்ந்து, மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தீர்கள்.

"நான்தான் செய்தேன்."

"என்ன அக்கா?"

"குங்குமத்தை நான்தான் நீரில் விட்டேன். நீ பார்த்தாய் அல்லவா?"

"பாத்தனான். ஒரு சின்னப் பை. அவ்வளவு பெரிய குளத்துக்கு அது எந்த மூலைக்கு? விசர்க்கதை கதையாதைங்கோ."

"நீர் சிவந்துவிட்டதே."

"அது வேறை ஏதாவதாத்தான் இருக்கும்."

"இருக்கும் என்கின்றாய். பார்த்தாயா?"

நான் தேநீர் வைக்க எழுந்தேன். நீங்கள் விரிப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "உன் வேலை மீன்களைப் பார்ப்பது. ஆகவே பார். நான் காரணம் என்றால் அந்த ஊருக்கு நானே போய்ச் சொல்லிவிடுகின்றேன். அந்த நாயின் முகம் என் கண்ணிலேயே நிற்கின்றது. அது எதிர்க்கரையில் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது!"

செத்த மீன்கள் பற்றி எங்கள் ஆய்வுகூடத்துக்கும் முறைப்பாடு வந்திருந்தது. எங்கள் தலைவி, நாங்கள் தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிடும் மருத்துவர், அந்த வாரமே ஆட்களை அனுப்பித் தண்ணீரும் மீனும் எடுப்பித்தார். சாகாமல் நீந்திக்கொண்டிருந்த மீன்களையும் வலை போட்டுப் பிடித்து வரச் சொன்னார். அந்த வேலை என் மேசைக்கு வந்தபோது போத்தலில் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பை அளவு குங்குமம் ஒரு குளத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், பார்த்தாயா என்று கேட்டீர்களே!

ஒரு சொட்டுத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்தபோது தெரிந்தது தூள் இல்லை. மயிரைவிட மெல்லிய சிவந்த இழைகள், நிறைய, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பாசி, உயிருள்ள பாசி. தொத்தோரெஸ்ஸா ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, இவளா," என்றார், பழைய அறிமுகம் போல.

உங்களை உள்ளே கூட்டிவந்து காட்டினேன். வெளியார் வரக் கூடாத இடம். தொத்தோரெஸ்ஸா கண்டும் காணாதவர் போல அடுத்த அறைக்குப் போய்விட்டார். நீங்கள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல், கையால் பொத்திக்கொண்டு நுண்ணோக்கியில் பார்த்தீர்கள்.

"இது பாசி அக்கா. மற்றப் பாசி மாதிரி வெயிலைத் தேடி மேல வராது. குளத்துக்கு நடுவிலை, ஆழத்திலை, மங்கல் வெளிச்சத்திலை இருக்கும். மாரியிலை தண்ணி குளிர்ந்து மேலும் கீழும் கலக்கேக்கைதான் மேல வரும். நீங்கள் போன அண்டைக்கே அது அடியிலை இருந்தது. மாசக்கணக்கா இருந்திருக்கும்."

"நாய்?"

"இந்தப் பாசியிலை நஞ்சு இருக்கு. கரையிலை திரண்டு நிக்கேக்கை குடிச்சா ஈரலைத்தான் பிடிக்கும்."

"அப்படியென்றால் மீன்களின் புண்? அதுவும் நஞ்சினாலா?"

நான் தட்டில் வெட்டி வைத்திருந்த மீனைக் காட்டினேன். நல்ல மீனின் செவுள் செக்கச் சிவந்திருக்கும். இதன் செவுள் வெளிறி, ஓரங்கள் ஒட்டிப்போயிருந்தது. ஈரல் மஞ்சளாகிக் கையில் பொடிந்தது. "நஞ்சு நேரா புண்ணைப் போடுறேல்லை அக்கா. மீனுக்கு மேல வழுவழுவெண்டு வழும்பு இருக்கெல்லோ, அதுதான் அதுக்குக் காவல். செவுளிலையும் தோலிலையும் நல்ல கிருமியும் இருக்கு, கெட்டதும் இருக்கு. சாதாரணமா ஒண்டை ஒண்டு அடக்கிக்கொண்டு இருக்கும். பாசி நஞ்சிலை கனநாள் கிடந்தா ஈரல் கெட்டு, உடம்பு தளர்ந்து, அந்தக் காவல் குலைஞ்சுபோம். பிறகு எந்த நாளும் தண்ணியிலை இருக்கிற கிருமியே உள்ளுக்கை பூந்து தின்னத் தொடங்கும். பாசியிலை தப்பின மீன் பிறகு நோயிலை சாகுது."

இன்னொரு மீனை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்தேன். உயிரோடு பிடித்தவற்றில் ஒன்று. அதன் விலாவில் புண் ஆறி, கறுத்த தழும்பாகி, அதன் ஓரத்தில் புதுப் புண் திறந்திருந்தது. "இதைப் பாருங்கோ. இந்தத் தழும்பு வர இந்தக் குளிர் தண்ணியிலை எவ்வளவு காலம் எடுத்திருக்கும்! உங்கட தைப்பூசத்துக்கு முந்தியே இந்த மீனுக்கு வருத்தம் வந்து, ஒருக்கா மாறி, திரும்பவும் வந்திருக்கு."

"ஆகவே நான் இல்லை."

"இல்லை அக்கா."

நீங்கள் சிரித்தீர்கள். அந்தக் காவலாளியை நினைத்துச் சிரிப்பீர்களே, அப்படி உடம்பு குலுங்கச் சிரித்தீர்கள். கண்ணில் நீர் வந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் உங்கள் பார்வை தட்டில் விழுந்தது. வாயைத் திறந்தபடி கிடந்த மீனைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினீர்கள்.

"இவை இறந்து கிடக்கின்றன. நான் சிரிக்கின்றேன்," என்றீர்கள். "இத்தனை நாளும் நான் என் பெயரை நினைத்துத்தான் அழுதேன். இவற்றை நினைத்து அழவில்லை."

உங்கள் முகம் முன்னிலும் வாடிப்போயிற்று. நான் வேறு கதையை எடுக்கப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை.

"யார் காரணம் என்று சொல்."

"ஆரெண்டு சொல்ல ஏலாது. வயலுக்குப் போடுற உரம் மழையோடை குளத்துக்கு வருது. ஊர்க் கழிவுத்தண்ணி வருது. முந்தின மாதிரிக் குளிரும் இல்லை. எல்லாம் சேர்ந்து பாசிக்குச் சாப்பாடு."

"யார் என்று கேட்டேன்."

"எல்லாரும்தான். அந்தத் தண்ணியிலை விளையிற கர்ச்சோஃபி மரக்கறியைத்தான் நாங்கள் சந்தையிலை வாங்கிறம். நானும்தான், நீங்களும்தான்."

தட்டிலிருந்த மீனை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அவர்கள் எல்லோரும் வெட்கப்படுகின்றார்களா?"

நான் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன், அக்கா. மருந்து, உரம், வெப்பம் எல்லாவற்றையும் பற்றிப் பேசத் தெரிந்தவள் நான், வெட்கத்தைப் பற்றி இல்லை. அந்தக் குளத்தைச் சுற்றியிருந்த ஊர்களிலும் நகரத்திலும் அந்தச் சிவப்புக்காக வெட்கப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான். வெட்கப்பட வேண்டியிராத ஒருவரும் நீங்கள்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீங்களோ அந்தக் கிழவரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். "அவர் அந்த மீனைத் தின்றுகொண்டிருந்தால்? சொல்ல வேண்டாமா?" ஊராட்கள் சொல்லுவார்கள், அறிவிப்புப் பலகை வைப்பார்கள் என்றேன். "பலகையை அவர் படிப்பார் என்று உனக்குத் தெரியுமா?" என்றீர்கள்.

கூட்டிப்போக என் கணவர் தானாகவே காரை எடுத்தார். நான் கேட்கவில்லை. மலைப்பாதை முழுக்க அவர் சாலையையே பார்த்து ஓட்டினார், நீங்கள் பின் இருக்கையில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தீர்கள்.

கிழவரின் வீடு ஊர் எல்லையில் இருந்தது. முற்றத்தில் நாய்ச் சங்கிலி வெறுமனே கிடந்தது. கதவைத் திறந்தவர் உங்களை உடனே அடையாளம் கண்டார். முகம் இறுகியது. நீங்கள் பயப்படவில்லை. தெளிவான இத்தாலியனில், வணக்கம் சொல்லிவிட்டு, "உங்கள் நாய் போனது எனக்கு மிகவும் வருத்தம். அதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன்," என்றீர்கள். அதற்குப் பிறகுதான் பாசியைப் பற்றியும், அந்த மீனைச் சாப்பிட வேண்டாம், ஆடு மாட்டை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்றும் சொன்னீர்கள். குங்குமம் காரணமில்லை என்ற பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. பொறுக்க மாட்டாமல் நான்தான் அதைச் சொன்னேன். புண் ஆறிய தழும்பு இருந்தது, நோய் எங்கள் பூசைக்கு முந்தியது என்றேன்.

கிழவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முற்றத்து நாய்ச் சங்கிலியைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம்.

"டிசம்பரில், நத்தாருக்கு முன்னாலேயே புண் உள்ள மீன்கள் தூண்டிலில் வந்தன. திருப்பித் தண்ணீரிலேயே எறிந்தேன். யாரிடமாவது சொன்னால் மீன் பிடிக்கத் தடை போட்டுவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்." அவர் கதவுச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். "நாய் செத்தபோது யார் மேலாவது பழி போட வேண்டும் போல இருந்தது, சிஞோரா. நீங்கள் கையசைத்தீர்கள். எனக்கு அது நினைவிருக்கிறது."

கைபேசியை எடுத்து, எங்கள் முன்னாலேயே, தடிமனான விரலால் தடவித் தடவி அந்த வீடியோவை அழித்தார். அது எத்தனை பேரிடம் போயிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நீங்கள் அவர் கையைப் பிடித்து, அந்த நாயின் பெயர் என்ன என்று கேட்டீர்கள். அவர் சொன்னார். நீங்கள் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொன்னீர்கள். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில், நகரத்து வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது, என் கணவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "அக்கா, அண்டைக்குக் கோயில் வாசல்லை நான் சொன்னது..." என்று தொடங்கினார்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

"ஓம், தம்பி. விளங்குது," என்றீர்கள்.

உங்கள் வாயில் எங்கள் தமிழை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கே பிடித்தீர்களோ, எப்போது பழகினீர்களோ! எங்கள் பேச்சை அத்தனை நாளும் கேட்டு, தேவைப்படும் நேரத்துக்கென்று வைத்திருந்தீர்கள் போல. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

ஆய்வுகூடத்து முடிவு வெளியானது. பாசி என்றும், மீன் நோய் என்றும், பழைய நோய் என்றும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் மூலையில் வந்தது. வீடியோவைப் பார்த்தவர்களில் அதைப் படித்தவர் சிலர்தான். உங்கள் சிஞோராவின் மகள், நீங்கள் உணவில் எதையாவது கலப்பீர்களோ என்று, வீடியோ வந்த நாளிலிருந்து நீங்கள் சமையலறைக்குள் போகும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பதை நிறுத்தவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு மண்டபத்துக் குழாயடிக்கே போனார்கள். நீங்கள் போகவில்லை. வீட்டுக்குள் மட்டும் பொட்டு வைத்தீர்கள், வெளியே இறங்கும்போது ஈரத்துணியால் துடைத்தீர்கள். "இன்னும் ஏன் அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "பழகிவிட்டது," என்றீர்கள். 

பிறகு உங்கள் உடம்புக்கு வருத்தம் வந்தது. ஈரலில்தான் என்று மருத்துவர் சொன்னபோது என்னைப் பார்த்துச் சிரித்து, "மீன்களுக்கு வந்ததுதான்," என்றீர்கள். "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்று நான் சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் என் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள்.

நீங்கள் போன மறுவாரம் உங்கள் மகன் என் வீட்டுக்கு வந்தான். மொண்டெல்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் வேலை செய்யும் அந்தப் பெரிய பிள்ளை என் குசினி வாசலில் குழந்தை போல நின்றான். சாம்பலை மொரிசியஸுக்குக் கொண்டுபோக எல்லாம் தயாராக இருந்தது. அவனுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. என்னை எப்போதும் போல ஸீயா, சித்தி, என்று இத்தாலியனில் கூப்பிட்டான்.

"ஸீயா, அம்மா கடைசியில் ஒன்று சொன்னார். சாம்பலைக் கடலிலோ ஆற்றிலோ கரைக்காதே, எங்கேயாவது மண்ணில் புதைத்துவிடு, தண்ணீரை நான் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார். ஏன் அப்படிச் சொன்னார்?"

அவனிடம் நீங்கள் எதையுமே சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மெல்ல எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டான். எனக்கோ சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. நுண்ணோக்கியில் காட்டினேன், தழும்பைக் காட்டினேன், கிழவரே தன் வாயால் சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த வெட்கம் உங்களைவிட்டுப் போகவில்லை. நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து உங்கள் தலையில் ஏற்றிவைத்ததை, இறக்கிவைக்க எங்களால் முடியவில்லை. கோயில் வாசலில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இருந்த பலம், ஓர் ஆய்வுகூடம் முழுவதற்கும் இல்லை.

"நான் என்ன செய்ய, ஸீயா?" என்று கேட்டான்.

அம்மா சொன்னபடி செய் என்று சொல்லியிருக்கலாம். செத்தவர் சொல்லை மீறச் சொல்ல நான் யார்? ஆனால் உங்களை அந்த வெட்கத்தோடு மண்ணுக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"கடலிலை கரை ராசா," என்றேன். "அம்மாவாலை எந்தத் தண்ணிக்கும் ஒரு கெடுதியும் வந்ததில்லை எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டுக் கரை. ஆரும் கேட்டாலும் பரவாயில்லை, கேக்கட்டும்."

அவன் அப்படியே செய்தான். அவனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. உங்கள் ஊர்க் கடற்கரையில் இடுப்பளவு நீரில் நின்று, சிசிலிக்காரன் போல வார்த்தைகளை இழுத்து, இத்தாலியனில் அதைச் சொன்னானாம். பக்கத்தில் நின்ற சொந்தக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். தண்ணீர் தெளிவாக இருந்தது, சாம்பல் போன இடமே தெரியவில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு அழுதான்.

உங்கள் கடைசிச் சொல்லை மீறியது நான்தான், அக்கா. இந்தக் கதை முழுவதிலும் நான் வெட்கப்படாத ஒரு காரியம் அது மட்டும்தான். மற்ற வெட்கமெல்லாம் அப்படியே என்னிடம் இருக்கிறது. சந்தையில் கர்ச்சோஃபியைக் கையில் எடுக்கும்போது வருகிறது. நல்ல மழை பெய்து வயல் மண் கரைந்து ஓடுவதைப் பார்க்கும்போது வருகிறது. யாராவது எங்கள் பக்கத்திலிருந்து "அது நாங்கள் இல்லை" என்று சொல்லும்போது காது சிவக்க வருகிறது. முன்பெல்லாம் அது வந்தால் உதறப் பார்ப்பேன். இப்போது உதறுவதில்லை. உங்கள் தலையில் இனி அது இல்லை. யாராவது ஒருவர் வெட்கப்படத்தானே வேண்டும். நான் படுகிறேன்.